தலைசுற்றலும் குமட்டலும் உள்ளவர்கள் எந்த ரைடில் ஏறலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்பத்தோடு தீம் பார்க் போனால் ஒருவர் மட்டும் எல்லார் பைகளுக்கும் காவலாக பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். "எனக்கு மலைப் பஸ்ஸிலேயே வாந்தி வரும், ஆளை விடுங்கப்பா" என்பது அவர் கட்சி. நானும் அதில் பழைய உறுப்பினர்தான். ஆனால் எதிலுமே ஏறக்கூடாது என்ற நிலை நம்மில் பலருக்கு இல்லை. எதில் ஏறுகிறோம், எங்கே உட்காருகிறோம், கண்ணை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. உறவினர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்குப் பதில் இங்கே. நான் டாக்டர் இல்லை. உங்கள் காதையும் கழுத்தையும் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

ரோலர் கோஸ்டர்தான் மோசம், குழந்தைகள் சுற்றுகிற கப் அண்ட் சாசர் ஒன்றும் செய்யாது. சரிதானே?

பெரும்பாலும் நேர்மாறு. பயம் வேறு, குமட்டல் வேறு. உயரமும் வேகமும் பயத்தைக் கொடுக்கும். வயிற்றைப் புரட்டுவது சுழற்சியும் ஊசலாட்டமும் திரையும். ஒரு ரோலர் கோஸ்டர் ஏறி இறங்கி முடிய இரண்டு நிமிடம் ஆகும். அதிலும் பாதி நேரம் மெதுவாக மேலே ஏறுவதிலேயே போய்விடும். உடம்புக்குக் குமட்டத் தோன்றுவதற்குள் ரைடே முடிந்துவிடுகிறது. கப் அண்ட் சாசர் அப்படியில்லை. அடித்தட்டு ஒரு பக்கம் சுற்ற, கோப்பை தனியாகச் சுற்ற, நடுவில் இருக்கிற சக்கரத்தைப் பிள்ளைகள் வெறியோடு திருப்ப, மூன்று நிமிடத்தில் அப்பா வெளிறிப்போய் இறங்குவார். பார்க்கச் சாதுவாக இருக்கிறதே என்று நம்பி ஏறியவர்கள்தான் அதிகம் அவஸ்தைப்படுகிறார்கள்.

ஆகவே பலகையில் போட்டிருக்கிற 'த்ரில்' அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். வரிசைக்கு வெளியே நின்று ஒரு முழுச் சுற்று பாருங்கள். உட்கார்ந்திருப்பவர் தலை எத்தனை திசையில் போகிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

ஏன் இப்படி ஆகிறது? என் அண்ணனுக்கு ஒன்றுமே ஆவதில்லையே?

நம் உள்காதில் அரைவட்ட வடிவில் மூன்று குழாய்கள் இருக்கின்றன. தலை எந்தத் திசையில் திரும்பினாலும் அவற்றுள் இருக்கும் திரவம் சற்றுப் பின்தங்கி நகர்ந்து, 'திரும்புகிறோம்' என்று மூளைக்குச் சொல்லும். பக்கத்திலேயே இரண்டு சிறு பைகள், சுண்ணாம்புத் துகள்கள் பதிந்தவை. முன்னே பின்னே, மேலே கீழே போவதையும் புவியீர்ப்பையும் அவை உணரும். கண்ணும் தசைகளும் தங்கள் பங்குக்குச் செய்தி அனுப்பும். மூன்று செய்தியும் ஒத்துப்போனால் பிரச்சினை இல்லை. முரண்பட்டால், அல்லது மூளை எதிர்பார்த்ததற்கு மாறாக வந்தால், குமட்டல். 1880-களில் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், காது கேளாத பலரிடம் விசாரித்தபோது, அவர்களில் கணிசமானவர்களுக்குச் சுற்றிவிட்டாலும் தலைசுற்றுவதில்லை என்று கண்டார். உள்காது வேலை செய்யாதவர்களுக்குக் கடல் குமட்டலும் வருவதில்லை.

அண்ணனுக்கு வராதது அவர் உடல்வாகு. பரம்பரையும் ஒரு காரணம். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம், பெண்களுக்கு ஆண்களைவிடக் கொஞ்சம் அதிகம். மனதைத் திடப்படுத்திக்கொண்டால் வராது என்று சொல்கிறவர்களிடம் வாதாடாமல் நகர்ந்துவிடுங்கள்.

இறங்கிய பிறகுதான் எனக்கு அதிகமாகச் சுற்றுகிறது. ஏன்?

ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் அரை நிமிடத்துக்குள் அந்தத் திரவமும் குழாயோடு சேர்ந்து ஒரே வேகத்துக்கு வந்துவிடும்; சுற்றுகிற உணர்வு மங்கும். ரைடு நின்றதும் குழாய் நின்றுவிடும், திரவம் நிற்காது. உடனே எதிர்த்திசையில் சுற்றுவது போலத் தோன்றும். கண்ணும் அதற்கேற்ப அசையும், அதனால்தான் எதிரில் நிற்பவர் நகர்கிற மாதிரி தெரிகிறது. பொதுவாக அரை நிமிடத்தில் அடங்கும். அந்த அரை நிமிடம் எழுந்திருக்காதீர்கள். முக்கியமாக, கழற்றி வைத்த செருப்பை மாட்டக் குனியாதீர்கள். ரைடு முழுக்கச் சமாளித்துவிட்டுச் செருப்பில் கவிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கொலம்பஸ் கப்பல் முன்னும் பின்னும்தானே ஆடுகிறது, சுற்றுவதில்லையே. அதில் ஏறலாமா?

மலைப் பஸ்ஸில் வாந்தி எடுப்பவர் என்றால் இதைத் தள்ளி வையுங்கள். 1970-களில் மனிதர்களை மேலும் கீழும் ஆட்டி நடத்திய ஆய்வுகளில், மிக வேகமான அசைவும் இல்லை, மிக மெதுவானதும் இல்லை, ஏறத்தாழ 5 விநாடிக்கு ஒரு முறை வருகிற ஆட்டம்தான் அதிகம் பேருக்குக் குமட்டலைத் தந்தது. அலையில் படகு ஆடுகிற தாளமும் இதற்குப் பக்கம்தான். பெரிய கொலம்பஸ் ஒரு முறை போய்வர எடுக்கும் நேரமும் இதைச் சுற்றியே இருக்கும். உச்சியில் ஒரு கணம் உடம்பு எடையே இல்லாமல் போகும், கீழே வரும்போது எடை கூடும். இதுவே மாறி மாறி வந்தால் வயிறு என்ன செய்யும்?

ஏறியே தீருவேன் என்றால் நடு வரிசை. இரண்டு முனைகளும் உயரத்துக்குப் போகும், நடு வரிசை அவ்வளவு போவதில்லை. பிள்ளைகள் முனைக்கு ஓடுவது அதனால்தான். பொருட்காட்சிகளில் கப்பலின் அடிவயிற்றுக்குக் கீழே பாருங்கள், ஒரு ரப்பர் டயர் சுழல்வது தெரியும். ஆபரேட்டர் நெம்புகோலைத் தள்ளும்போதெல்லாம் அந்த டயர் உரசித்தான் கப்பலை உந்துகிறது, நிறுத்துவதும் அதே உரசல்தான். அதாவது நீங்கள் கையைத் தூக்கி "அண்ணே, போதும்ணே" என்று கத்தினாலும் சட்டென்று நிற்காது. நாலைந்து ஆட்டம் ஆடித்தான் ஓயும். கடைசி நிமிடத்தில் இறங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கு இதில் செல்லாது.

பிரேக் டான்ஸ்?

வேண்டாம். தட்டு சுற்றுகிறது, அதன் மேல் நாலு நாலு பெட்டியாக இருக்கும் கொத்தும் சுற்றுகிறது, ஒவ்வொரு பெட்டியும் இஷ்டத்துக்குத் திரும்புகிறது. அடுத்து எந்தப் பக்கம் போகும் என்று மூளையால் ஊகிக்கவே முடியாது. பாட்டை ஏற்றிவிட்டு "இன்னும் ஸ்பீடு வேணுமா?" என்று மைக்கில் கேட்பார்கள், கூட்டமும் வேணும் என்று கத்தும், உங்கள் ஓட்டு அங்கே எடுபடாது. மாட்டிக்கொண்டால், கனமானவர் ஓரமாகவும் லேசானவர் மறு ஓரமாகவும் உட்காராமல் எடையைச் சமமாகப் பகிர்ந்து உட்காருங்கள். ஒரு பக்கம் கனத்தால் பெட்டி அதிகம் சுழலும். தலையைப் பின்பலகையில் அழுத்தி வைத்துக்கொள்ளுங்கள். சுழலும்போது தலையைத் திருப்பினால் ஒரே நேரத்தில் இரண்டு குழாய்கள் குழம்பி, குப்பென்று புரட்டும்.

ஜெயன்ட் வீலில் எனக்குக் குமட்டல் வராது, ஆனால் உச்சியில் கிறுகிறுப்பு வருகிறது. இது வெர்டிகோவா?

பெரும்பாலும் இது உள்காது நோய் இல்லை. கீழே நிற்கும்போது பக்கத்தில் இருக்கும் சுவரையும் தூணையும் வைத்துத்தான் கண் நம் சின்னச் சின்ன ஆட்டங்களைக் கணக்கிடுகிறது. உயரத்தில் அருகில் எதுவும் இல்லை. எல்லாம் தூரத்தில் இருப்பதால் கண்ணுக்கு அந்த ஆதாரம் போய்விடுகிறது, உடம்பு தடுமாறுகிற மாதிரி தோன்றுகிறது. அதன் மேல் பயமும் சேர்ந்துகொள்ளும்.

கீழே பார்க்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கே பார்ப்பது என்று சொல்வதில்லை. பெட்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிரில் இருப்பவர் முகத்தைப் பாருங்கள், பிறகு தூரத்துத் தொடுவானம். கிழக்குக் கடற்கரைச் சாலை பார்க்குகளைப் போலக் கடல் தெரிகிற இடமாக இருந்தால் வசதி, அந்த நேர்க்கோடு போல நிலையான அடையாளம் வேறில்லை. ஆட்கள் ஏறி இறங்க வீல் நின்று நின்று போகும்போதுதான் தொட்டி அதிகம் ஆடும். பக்கத்தில் இருக்கும் பிள்ளை எழுந்து நிற்காமல் பார்த்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும். மெதுவாக ஒரே திசையில் போவதால் குமட்டல்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது ஜெயன்ட் வீல்தான், உயரம் பிரச்சினை இல்லாதவரை.

ரோலர் கோஸ்டரில் எந்த வரிசை? கண்ணை மூடிக்கொள்ளலாமா?

முன்பாதி. முதல் வரிசையில் தண்டவாளம் முழுக்கத் தெரியும், அடுத்த வளைவுக்கு உடம்பு முன்கூட்டியே தயாராகும். பஸ் ஓட்டுகிற டிரைவருக்கு வாந்தி வராததும் இதே காரணம்தான். பயமும் சேர்ந்திருப்பவர்கள் இரண்டாவது, மூன்றாவது வரிசையில் உட்காரலாம். கடைசிப் பெட்டி ஒவ்வொரு மேட்டிலும் சவுக்கு போலச் சொடுக்கும், அது வேண்டாம். கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். தலை ஆடாமல் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள்.

பின்னோக்கிப் போகிற கோஸ்டர்கள் தனி ரகம். பெங்களூரு அருகே பிடதியில் உள்ள வொண்டர்லாவின் ரீகாயில் அந்த மாதிரி: முன்னால் போன பாதையிலேயே பின்னோக்கித் திரும்பி வரும், வளையத்தில் தலைகீழாகவும் போகும். முன்னால் போகும்போது தாங்கியவர்களுக்குக்கூட பின்னோக்கி வரும்போது புரட்டும்.

திரையில் படம் ஓட, சீட் மட்டும் ஆடுகிற ரைடுகள்? உண்மையில் எங்கேயும் போவதில்லையே?

போகாததுதான் கோளாறு. கண் பள்ளத்தில் விழுகிறது, உள்காதோ ஓரடிகூட விழவில்லை என்கிறது. கோஸ்டரில் பிரச்சினையே இல்லாத சிலர் இதில் மட்டும் சரிந்துவிடுவார்கள். நல்ல செய்தி என்னவென்றால் இங்கே குழப்பத்தின் ஊற்று திரை என்பதால் கண்ணை மூடினால் பெரும்பாலும் உடனே தணியும். முழுக்க மூட மனமில்லை என்றால் 3டி கண்ணாடிக்கு மேலாகத் திரையின் ஓரத்தையும் முன்சீட்டையும் பாருங்கள். பார்க்கில் சுற்றும்போது விஆர் கண்ணாடி மாட்டிவிடும் கடைகளுக்கும் இதே எச்சரிக்கை.

சிங்கப்பூர் யுனிவர்சல் போகிறோம். அங்கே எதில் ஏறலாம்?

நம் ஊர்க் குடும்பங்கள் அதிகம் போகும் பார்க் என்பதால் இந்தக் கேள்வி வராத மாதமில்லை. பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற இரட்டைக் கோஸ்டரில் சிவப்புப் பாதை, நீலப் பாதை என்று இரண்டு. சிவப்பில் சாதாரணமாக உட்கார்ந்து போகலாம், வேகம் உண்டு, தலைகீழாகாது. நீலத்தில் கால் தொங்க, தலைகீழாகப் பல முறை சுழல வேண்டும். நம் கட்சிக்குத் தாங்கக்கூடியது சிவப்புதான், அதுவும் துணிந்தவர்களுக்கு. மம்மி கோஸ்டர் இருட்டில் ஓடும், இடையில் பின்னோக்கியும் போகும். அடுத்த திருப்பத்தைப் பார்க்க வழியில்லை. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் முழுக்க திரையும் ஆட்டமும். பெயர் பெற்றதாயிற்றே என்று விடமுடியாமல் போகிறவர்கள் மேலே சொன்ன கண் தந்திரத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஜுராசிக் பார்க்கின் ரப்பர் படகு தண்ணீரில் மெதுவாகத் திரும்பித் திரும்பிப் போகும், பெரும்பாலோருக்குப் பரவாயில்லை. தாங்குமா என்று சோதித்துப் பார்க்க என்சான்டட் ஏர்வேஸ் என்ற சின்னக் கோஸ்டரிலிருந்து ஆரம்பிக்கலாம்.

தண்ணீர் சறுக்குகளில் இந்தத் தொல்லை இருக்காதுதானே?

திறந்த நேர்ச் சறுக்கு பெரும்பாலும் பிரச்சினை செய்யாது. மூடிய குழாயில் இருட்டில் சுற்றிச் சுற்றி வருவது வேறு கதை. அலைக்குளத்தில் டியூப் போட்டு அரை மணி நேரம் மிதந்தால் கடலில் படகில் இருந்த மாதிரியே ஆகும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. குளிர்ந்த நீர் ஒரு காதுக்குள் மட்டும் புகுந்தால் தலை சுற்றும். உள்காதுத் திரவம் ஒரு பக்கம் குளிர்ந்து நகர்வதால் வருவது. இதை வைத்தே உள்காதைச் சோதிக்கும் முறையை வகுத்த ராபர்ட் பாரானி 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றார். செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களுக்கு இது கடுமையாக வரும், தொற்றும் சேர்ந்துகொள்ளும். மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் மாதிரி பெரும்பாலும் தண்ணீர் விளையாட்டான இடங்களுக்குப் போகுமுன் காதை ஒரு முறை காட்டிவிடுவது நல்லது.

எனக்குப் படுக்கையில் புரண்டாலே சுற்றும். டாக்டர் தலையைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தார். இப்போது ஏறலாமா?

நீங்கள் சொல்வது பிபிபிவி என்ற உள்காதுக் கோளாறு மாதிரி இருக்கிறது. உள்காதின் சிறு பையில் ஒட்டியிருக்க வேண்டிய சுண்ணாம்புத் துகள் கழன்று அரைவட்டக் குழாய்க்குள் போய்விடும். படுக்கும்போது, புரளும்போது, அண்ணாந்து பார்க்கும்போது ஒரு நிமிடத்துக்கும் குறைவாகப் பலமாகச் சுற்றும். துகளைத் திரும்ப வெளியேற்ற டாக்டர் செய்வது எப்ளி முறையாக இருக்கும். இது மறுபடியும் வரக்கூடியது, தலையில் படும் அடி அதற்கு ஒரு காரணம். ஆகவே தலையைத் தூக்கியடிக்கிற கோஸ்டர், தலைகீழ் ரைடு, மல்லாந்து சறுக்குவது இவற்றை இப்போதைக்கு விடுங்கள். எவ்வளவு நாள் என்பதை உங்கள் இஎன்டி டாக்டரிடம் கேளுங்கள். காது அடைப்பும் இரைச்சலும் கேட்கும் திறன் குறைவதும் சேர்ந்து மணிக்கணக்கில் சுற்றுகிறவர்கள், அண்மையில் காதில் ஆபரேஷன் செய்தவர்கள், கர்ப்பிணிகள், இதய நோயோ கழுத்து எலும்புத் தேய்மானமோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறவே வேண்டாம்.

வரிசையில் நின்று நின்று கண்ணை இருட்டிக்கொண்டு வருவது இதில் சேராது. மே மாத வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நின்றால் யாருக்கும் வரும். உட்கார்ந்து, உப்பு போட்ட மோர் குடித்தால் தெளிந்துவிடும்.

மாத்திரை போட்டுக்கொண்டு போகலாமா?

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது அவோமின். கிளம்புவதற்கு ஒன்று, இரண்டு மணி நேரம் முன்பு போட்டால்தான் பலன், வாந்தி தொடங்கிய பிறகு விழுங்கிப் பயனில்லை. தூக்கம் வரும். அன்று வண்டி ஓட்டக்கூடாது, மதுவோடு சேரவே கூடாது, 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. மற்ற குழந்தைகளுக்கும் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வெர்டின் உள்காதுக் கோளாறால் வரும் தலைசுற்றலுக்கான மாத்திரை, ரைடுக்கு முன் போட்டுக்கொள்வதற்கு அல்ல. எமிசெட் வாந்திக்குத்தானே என்பார்கள். பயணக் குமட்டலைத் தடுப்பதில் அது பெரிதாக உதவுவதில்லை.

பயண வாந்திக்கான பிரபலமான ஒரு மருந்தே தற்செயலாகக் கிடைத்ததுதான். 1947-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஒவ்வாமைக்காக டைமென்ஹைட்ரினேட் கொடுக்கப்பட்ட ஒரு கர்ப்பிணி, டிராமில் வரும்போது வழக்கமாக வரும் குமட்டல் இப்போது வரவில்லை என்று சொன்னார். அடுத்த ஆண்டே அட்லாண்டிக் கடக்கும் படைக்கப்பலில் வீரர்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள்.

இஞ்சி மரப்பா சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, கெடுதல் இல்லை. எலுமிச்சம்பழத்தை முகர்வதையும் தடுக்கமாட்டேன்.

சாப்பிட்டுவிட்டுப் போவதா, வெறும் வயிறா?

இரண்டுமே தப்பு. இரண்டு மணி நேரம் முன்பு இட்லி மாதிரி எண்ணெய் இல்லாததாகக் கொஞ்சம். பிரியாணியைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வழியில் காரில் குனிந்து மொபைல் பார்க்காதீர்கள், பலர் பார்க் வாசலுக்கே பாதிக் குமட்டலோடுதான் வருகிறார்கள். குமட்டல் சேர்ந்துகொண்டே போகும் சமாச்சாரம். ஒரு ரைடில் லேசாக வந்தால் அடுத்ததற்கு முன் அரை மணி நேரமாவது நிழலில் இருங்கள். அடுத்தடுத்துக் கொட்டாவி, வாயில் நீர் ஊறுவது, குளிர்ந்த வியர்வை: இந்த மூன்றும் வாந்திக்கு முன்னால் வரும் தபால். அதற்கப்புறம் "இன்னும் ஒண்ணே ஒண்ணு" கிடையாது.

என் 3 வயதுப் பெண்ணுக்கு ஒன்றும் ஆவதில்லை, 9 வயதுப் பையன் வாந்தி எடுக்கிறான்.

வழக்கம்தான். 2 வயதுக்குட்பட்டவர்களுக்கு இது அரிது. 6 வயதிலிருந்து 12 வரை உச்சம், பிறகு பலருக்குக் குறையும். பையனைக் கேலி செய்யாமல், எது ஒத்துக்கொள்ளும் என்று அவனையே சொல்லவிடுங்கள்.

பாதி ரைடுகளில் ஏறப்போவதில்லை. முழு டிக்கெட் எடுப்பது தண்டம்தானே?

ஒரே டிக்கெட்டில் எல்லாம் அடங்கும் பெரிய பார்க்குகளில் ஏறாதவருக்கும் அதே காசுதான். அந்தக் கணக்கில் பார்த்தால் சென்னை தீவுத்திடல் பொருட்காட்சியும் மதுரை சித்திரைப் பொருட்காட்சியும் நமக்கு லாபம். உள்ளே நுழைய ஒரு சீட்டு, அப்புறம் ஏறுகிற ராட்டினத்துக்கு மட்டும் தனித்தனிச் சீட்டு. "டிக்கெட் எடுத்தாச்சே, ஏறிடலாம்" என்று உள்ளுக்குள் ஒரு குரல் நச்சரிக்காததும் ஒரு வசதி.

வீட்டுக்கு வந்து படுத்தாலும் கட்டில் ஆடுகிறது. கவலைப்பட வேண்டுமா?

அன்றிரவு லேசாக ஆடுவது சகஜம், தூங்கி எழுந்தால் பெரும்பாலும் போய்விடும். இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ, படுக்கையில் புரளும்போதெல்லாம் சுற்றினாலோ இஎன்டி டாக்டரிடம் போங்கள். இறங்கிய பிறகு, அல்லது அடுத்த சில நாட்களில், இதுவரை இல்லாத கடுமையான தலைவலி, கழுத்து வலி, இரட்டையாகத் தெரிவது, பேச்சு குழறுவது, முகம் ஒரு பக்கம் இழுப்பது, கை கால் மரத்துப்போவது, நிற்கவே முடியாமல் ஒரு பக்கம் சாய்வது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அது ரைடு குமட்டல் இல்லை. கழுத்து ரத்தக்குழாயில் கிழிசலோ தலைக்குள் ரத்தக்கசிவோ ஏற்படுவது அரிது, ஆனால் ஏற்பட்டிருக்கிறது. மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், எந்த ரைடில் எத்தனை மணிக்கு ஏறினார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.